கடலே இல்லாத ஊருக்கு ‘குப்பம்’னு பேர் ஏன்? நெல்லிக்குப்பம் முதல் ஆந்திராவின் குப்பம் வரை ஒரு சொல்லின் கதை

விழுப்புரத்தில் இருந்து மயிலாடுதுறை போகும் ரயிலில் பண்ருட்டியைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் நெல்லிக்குப்பம் ஸ்டேஷன் வரும். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் கரும்புத் தோட்டம், கரும்பு டிராக்டர், கூடவே சர்க்கரை ஆலையின் புகைபோக்கி. 1842-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும், இந்தியாவின் பழமையான சர்க்கரை ஆலைகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. படகு, வலை, மீன் வாடை எதுவும் இல்லை. கடலைப் பார்க்கணும்னா கிழக்கே பத்து கிலோமீட்டருக்கு மேல் போகணும்.

முதல் தடவை வர்றவங்க பலரும் கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. “குப்பம்னா மீனவர் ஊர்தானே? இங்க கடல் எங்க இருக்கு?”

இதைவிடச் சங்கடமான இன்னொரு கேள்வியும் உண்டு. “குப்பம்னா ஸ்லம்தானே?” ஊர்ப் பெயரில் ‘குப்பம்’ இருக்கிற பலரும் ஸ்கூல், காலேஜ், வேலை இன்டர்வியூ என எங்காவது ஒரு இடத்தில் இதைச் சந்தித்திருப்பார்கள்.

உண்மையில் குப்பம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? எங்கிருந்து வந்தது? பக்கத்து மொழிகளில் அதற்கு என்ன அர்த்தம்? ஒரு சின்னச் சொல் எப்படி கேலியாக மாறியது? பார்க்கலாம்.

குப்பம்: வேர் எது?

தமிழ் அகராதிகள் குப்பம் என்ற சொல்லுக்குத் தரும் பொருள்கள் இவை: சிற்றூர், மீனவர் வாழும் ஊர், கூட்டம், குவியல்.

இந்த நான்கையும் கட்டிப் போடும் கயிறு ‘குவி’ என்ற வேர். குவி, குவியல், குவை, குப்பல், குப்பை, குப்பம் எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். ஒன்று சேர்வது, ஒரே இடத்தில் திரள்வது என்பதுதான் இந்தக் குடும்பத்தின் அடிப்படைப் பொருள். நெல் திரண்டால் குவியல், வீடுகள் திரண்டால் குப்பம்.

பரோ, எமனோ என்ற இரண்டு மொழியியல் அறிஞர்கள் தொகுத்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி 1961-ல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1984-ல் வந்தது. தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு ஆகிய மொழிகளில் ‘குவியல்’ என்று பொருள்படும் இந்தச் சொற்களை அது ஒன்றாக வைத்துக் காட்டுகிறது.

ஆக, குப்பம் என்பதற்கு அடிப்படையில் கடலோடு சம்பந்தம் இல்லை. நெருக்கமாக அமைந்த சிறு குடியிருப்பு என்பதுதான் அதன் நேர் பொருள். அது வயலோரமாகவும் இருக்கலாம், கடலோரமாகவும் இருக்கலாம்.

நெல்லிக்குப்பத்தில் இருப்பது நெல்லா, நெல்லியா?

‘நெல் + குப்பம்’தான் நெல்லிக்குப்பம் ஆச்சு, நெல் குவித்து வைத்த இடம் என்று ஒரு விளக்கத்தைச் சிலர் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தமிழ் இலக்கணம் இதற்கு ஒத்துவராது. ‘நெல்’லோடு ‘க’ சேர்ந்தால் ல் என்பது ற் ஆக மாறும். கல் + கண்டு கற்கண்டு ஆவது மாதிரி, நெல் + குப்பம் என்றால் நெற்குப்பம் என்றுதான் வரவேண்டும்.

நெல்லி என்ற மரப்பெயரோடு குப்பம் சேர்ந்தால் நெல்லிக்குப்பம். நெல்லி மரங்கள் உள்ள சிற்றூர். அவ்வளவுதான்.

‘நெல் குவியல்’ என்ற பொருளில் நிஜமாகவே ஓர் ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் உள்ள நெற்குப்பை. பயண நூல்களும் மாவட்ட நூல்களும் எழுதிய சோமலெ பிறந்த ஊர். பெயரிலேயே ‘குப்பை’ இருக்கிறது. அது அந்த ஊருக்கு அவமானமாக வைக்கப்பட்ட பெயர் இல்லை; விளைச்சலைச் சொல்லும் பெயர்.

கடலூர் மாவட்டத்திலேயே உள்நாட்டுக் குப்பத்துக்கு இன்னொரு பெரிய சாட்சி உண்டு. வடலூர் பக்கத்தில் இருக்கும் மேட்டுக்குப்பம். வள்ளலார் ராமலிங்க அடிகள் கடைசியாகத் தங்கியிருந்த சித்திவளாகம் இருப்பது அங்கேதான். 1874 ஜனவரி 30 அன்று அவர் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் என்பது வரலாறு. இன்றும் தைப்பூசத்தை ஒட்டி ஆயிரக்கணக்கானோர் மேட்டுக்குப்பத்துக்குப் போகிறார்கள். மேடான இடத்தில் இருக்கும் சிற்றூர் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அதைக் கேட்டு யாருக்கும் ஸ்லம் ஞாபகம் வருவதில்லை.

தெலுங்கில் குப்ப, கன்னடத்தில் குப்பெ, மலையாளத்தில் குப்ப

தெலுங்கு: ‘குப்ப’ என்றால் குவியல். அறுத்த நெற்கதிரை அடுக்கி வைத்த போர் ‘வரி குப்ப’. ஏதாவது ஏராளமாக இருந்தால் ‘குப்பலு தெப்பலுகா’ என்பார்கள். நம்ம ஊர்ல ‘குவிஞ்சு கிடக்கு’ன்னு சொல்ற மாதிரி. கட்டடம் இடிந்து விழுந்தாலோ, பங்குச்சந்தை சரிந்தாலோ தெலுங்குச் செய்திகளில் ‘குப்பகூலிந்தி’ என்று வரும். நின்றது குவியலாகச் சரிந்துவிட்டது என்று பொருள்.

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் தமிழ்நாடு, கர்நாடக எல்லைகள் நெருங்கும் இடத்தில் ‘குப்பம்’ என்றே ஓர் ஊர் இருக்கிறது. 1989 முதல் சந்திரபாபு நாயுடு தொடர்ந்து வென்றுவரும் தொகுதி. முன்னே பின்னே எந்த அடைமொழியும் இல்லாமல் வெறும் குப்பம். அங்கிருந்து கடல் ரொம்ப தூரம். 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டதும் இதே ஊரில்தான். தென்னிந்திய மொழிகளை ஒன்றாக வைத்து ஆராயும் பல்கலைக்கழகம், எல்லா மொழிக்கும் பொதுவான ஒரு சொல்லைப் பெயராகக் கொண்ட ஊரில் அமைந்தது நல்ல பொருத்தம்.

கன்னடம், துளு: ‘குப்பெ’ என்றால் குவியல், மேடு. கன்னடத்தில் ‘குப்பெ’ என்றும் வழங்கும், ‘கு’ கொஞ்சம் அழுத்தமாகி ஆங்கில ஜி ஒலியோடும் வழங்கும். நம்ம ஊர் குப்பைமேட்டுக்கு அங்கே ‘திப்பெ’ என்ற வேறொரு சொல் இருக்கிறது.

மலையாளம்: ‘குப்ப’ என்றால் குப்பை. குப்பைத் தொட்டி அங்கே ‘குப்பத்தொட்டி’. கண்ணூர் மாவட்டத்தில் தளிப்பறம்பு அருகே குப்பம் என்ற இடமும் குப்பம் ஆறும் உண்டு. தேசிய நெடுஞ்சாலை 66-ல் போனால் அந்த ஆற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. ஒலி ஒத்துப்போகும் எல்லாச் சொல்லும் உறவு இல்லை. மருந்து ஊற்றி வைக்கும் ‘குப்பி’, இந்தியில் எண்ணெய் வைக்கும் சிறு பாத்திரத்துக்குச் சொல்லும் ‘குப்பி’, பழந்தமிழில் சட்டையைக் குறிக்கும் ‘குப்பாயம்’ இவற்றில் எதுவும் குவியல், திரள் என்ற பொருளில் வருவதில்லை. சொல்லின் உறவைப் பார்க்க ஒலி மட்டும் போதாது, பொருளும் சேர்ந்து வரணும். வாட்ஸ்அப்பில் வரும் பல ‘சொல் ஆராய்ச்சி’கள் சறுக்கும் இடம் இதுதான்.

குப்பை எப்போதும் கெட்ட வார்த்தையா இருந்ததா?

இல்லை. சங்க இலக்கியத்தில் குப்பை என்பது வெறும் குவியல்தான். நெல்லுக்கும் அந்தச் சொல் வரும், உப்புக்கும் வரும்.

நற்றிணையின் 331-வது பாட்டு கடற்கரையில் நடக்கிறது. உப்பு விளைப்பவர்கள், வண்டியோடு வரும் உப்பு வணிகர்களுக்காகக் காத்திருந்து உப்பைக் குவித்து வைக்கிறார்கள். காயும் மீனுக்குக் காவல் இருக்கும் பெண்கள் அந்தக் குவியல் மேல் ஏறி, கடலில் இருந்து திரும்பும் படகுகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள்: இது எங்க அப்பாவோட படகு, அது உங்க அப்பாவோட படகு என்று. அந்த உப்புக் குவியலைக் குறிக்கப் புலவர் எடுத்துக்கொண்ட சொல் ‘குப்பை’. அதில் ஒரு துளி இழிவும் இல்லை.

கிராமத்தில் இன்னும் அந்தப் பழைய பொருள் முழுசா அழிந்துவிடவில்லை. ‘வயலுக்கு ரெண்டு வண்டி குப்பை அடிச்சேன்’ என்று விவசாயி சொன்னால் அது மாட்டுச்சாணம், தழை, சாம்பல் சேர்ந்து மக்கிய எரு. நிலத்துக்குப் போடும் சாப்பாடு. நகரத்தில் பிளாஸ்டிக் கவரோடு சேர்ந்து தெருவோரம் கிடப்பதும் அதே சொல்தான். பொருள்தான் இறங்கிவிட்டது.

இப்படி இறங்கிய சொற்கள் தமிழில் நிறைய உண்டு. ‘நாற்றம்’ என்றால் முன்பு நறுமணம். இப்போது மூக்கைப் பொத்துகிறோம்.

குப்பன், குப்பம்மாள் பெயர்கள் எப்படி வந்தன?

‘குப்பனும் சுப்பனும்’ என்று சாதாரண ஆட்களைச் சொல்வோம். குப்பன், குப்புசாமி, குப்பம்மாள், குப்பாயி எல்லாம் போன தலைமுறை வரை வீட்டுக்கு ஒருவர் இருந்த பெயர்கள்.

இதற்குப் பின்னால் ஒரு வலி இருக்கிறது. பிறக்கும் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீடுகளில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பார்கள். ‘இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, விட்டுடு’ என்று சாவை ஏமாற்றும் சடங்கு அது. பெயரும் குப்பன், குப்பம்மாள் என்று வைப்பார்கள். பிச்சை என்ற பெயரும் இதே வகைதான்.

பக்கத்து மாநிலங்களிலும் இதே வழக்கம் உண்டு. தெலுங்கில் ‘பெண்ட’ என்றால் குப்பை, சாணக் குவியல். பெண்டய்யா என்று பெயர். கன்னடத்தில் ‘திப்பெ’யில் இருந்து வந்தது திப்பேசாமி. சொல் மாறினாலும் தாயின் பயம் ஒன்றுதான். குப்பன் என்று பெயர் வைத்தவர்கள் பிள்ளையை இழிவாக நினைத்து வைக்கவில்லை. உயிரோடு இருக்கணும்னு வைத்தார்கள்.

கடற்கரையில் குப்பம் எப்படி நிலைத்தது?

பழவேற்காட்டில் இருந்து தெற்கே வரும் கரையை ஒரு கோடாகப் பார்த்தால் குப்பங்கள் வரிசையாக வரும். பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம். எண்ணூரில் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம். சென்னையில் நொச்சிக்குப்பம், நடுக்குப்பம், அயோத்திக்குப்பம், ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம். புதுச்சேரியில் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம். கடலூரில் சோனங்குப்பம், சோதிக்குப்பம்.

தெற்கே போகப் போக இந்தப் பெயர் குறைகிறது. நாகை பக்கம் பேட்டை, மேடு. ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம் பட்டினம், துறை. மீனவர் ஊர் எல்லாம் குப்பம் இல்லை, குப்பம் எல்லாம் மீனவர் ஊரும் இல்லை.

வட கடலோரத்தில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. கோவளம் என்று ஓர் ஊர், பக்கத்தில் கோவளம் குப்பம். கூனிமேடு, பக்கத்தில் கூனிமேடு குப்பம். விவசாயம், வணிகம் நடக்கும் பகுதி ‘ஊர்’ ஆகிவிடுகிறது. மணலில் நெருக்கமாக வீடு கட்டி வாழும் மீனவர் பகுதி அந்த ஊரின் ‘குப்பம்’ ஆகிறது. அங்கே தனிப் பஞ்சாயத்து, தனிக் கோயில், தனி வழக்கம் எல்லாம் உண்டு. ஆனாலும் பெயரில் அது இன்னொரு ஊரின் ஒட்டாகவே நிற்கிறது. சொல்லில் ஏற்றத்தாழ்வு நுழைந்த இடங்களில் இதுவும் ஒன்று.

ஆல்காட் குப்பம் பெயரில் இன்னொரு சுவாரசியம் உண்டு. அடையாறில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான அமெரிக்கர் கர்னல் ஆல்காட்டின் பெயர், தமிழ்ச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு பெசன்ட் நகர் கரையில் நிற்கிறது.

குப்பம் = ஸ்லம்? இந்த மொழிபெயர்ப்பில் என்ன சிக்கல்?

சென்னை வளர்ந்து கடற்கரை வரை வந்தபோது குப்பங்கள் நகரத்துக்குள் சிக்கின. ஓலை வீடு, குறுகிய சந்து, வசதிக் குறைவு ஆகியவற்றைப் பார்த்த நகரத்தின் கண்ணுக்கு அது ஸ்லம் ஆகத் தெரிந்தது. சினிமாவும் அதையே பிடித்துக்கொண்டது. ரஜினிகாந்த் நடித்த ‘குப்பத்து ராஜா’ 1979-ல் வந்தது. அதே பெயரில் ஜி.வி.பிரகாஷ் படம் 2019-ல் வந்தது. இரண்டிலும் குப்பம் என்றால் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு.

இது வெறும் வார்த்தைப் பிரச்சினை இல்லை. சட்டத்தில் இரண்டும் வேறு வேறு.

ஸ்லம் என்றால், தமிழ்நாட்டின் 1971-ம் ஆண்டு குடிசைப் பகுதிச் சட்டத்தின்படி, நெரிசலும் சுகாதாரக் கேடும் நிறைந்த, பொதுமக்களின் ஆரோக்கியத்துக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்தான பகுதி. அதை மேம்படுத்தலாம், அகற்றவும் செய்யலாம்.

மீனவ கிராமம் என்றால் கதை வேறு. மத்திய அரசின் 2011-ம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ கிராமங்களையும் அவர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. படகு நிறுத்த, வலை பின்ன, மீன் காயவைக்க வேண்டிய மணல் அந்த ஊருக்குத் தேவை என்பதை அது ஏற்றது.

ஒரே இடத்தை ஸ்லம் என்று எழுதினால் ‘எங்காவது மாற்று வீடு கொடுத்தால் போதும்’ என்று தோன்றும். மீனவ கிராமம் என்று எழுதினால் கடலை விட்டு எப்படி அனுப்புவது என்ற கேள்வி வரும். முப்பது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடி வீடு கிடைத்தாலும், விடியக்காலை அலை பார்த்துக் கடலுக்குப் போகிறவருக்கு அதனால் என்ன பயன்?

1985-ல் மெரினா மணலில் இருந்து கட்டுமரங்களை அகற்ற எடுத்த நடவடிக்கை மோதலில் முடிந்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் சாலையோர மீன்கடைகள் பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்ற இறங்கியதும் மீனவர்கள் சாலையை மறித்தார்கள். அவர்கள் தரப்பு எளிமையானது: ரோடு வர்றதுக்கு முன்னாடியே ஊர் இருந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் கடற்கரை ஊர்களில்தான். கரையை ஒட்டி வாழ்வதன் ஆபத்து அந்த மக்களுக்குத்தான் மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். பாதுகாப்பான வீடும் வேண்டும், கடலும் பக்கத்தில் வேண்டும் என்று அவர்கள் கேட்பதற்குக் காரணம் தொழில்.

பெயரை மாத்திட்டா சரியாகிடுமா?

2021-ல் தமிழ்நாடு குடிசைப் பகுதி மாற்று வாரியம், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் காயப்படுத்தும்போது அதை விடுவது ஒரு வழி.

இன்னொரு வழியும் உண்டு. ‘சேரி’யை எடுத்துக்கொள்வோம். சேர்ந்து வாழும் இடம் என்பதுதான் நேர் பொருள். சோழர் காலத்தில் உத்திரமேரூர் மாதிரியான பிராமணர் ஊர்களின் பகுதிகளுக்கே சேரி என்று பெயர். பிற்காலத்தில் அது ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பை மட்டும் குறித்து, இழிவாகப் பேசப்பட்டது. ஆனால் புதுச்சேரி, வேளச்சேரி பெயர்களைச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. சொல் அதேதான், எந்த இடத்தில், யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதில்தான் மரியாதை இருக்கிறது.

குப்பமும் அப்படித்தான். ‘நான் நொச்சிக்குப்பம்’ என்று ஒரு மீனவர் சொன்னால் அது அவர் ஊர், உறவு, தொழில், உரிமை எல்லாம் சேர்ந்த முகவரி. ‘குப்பத்து ஆளு’ என்று வேறொருவர் முகம் சுளித்துச் சொன்னால் அது வசை. 2015-ல் தொடங்கிய ஊரூர்-ஆல்காட் குப்பம் விழாவில், சபா மேடைகளில் பாடியவர்கள் கடற்கரைக்கு வந்து பாடினார்கள். விழாவின் பெயரில் ‘குப்பம்’ என்ற சொல்லை யாரும் மறைக்கவில்லை.

சுருக்கமா சொன்னா...

* குப்பம் என்பது ‘குவி’ குடும்பத்துச் சொல். நெருக்கமாக அமைந்த சிற்றூர் என்பது பொருள்.
* தெலுங்கு ‘குப்ப’, கன்னடம், துளு ‘குப்பெ’, மலையாளம் ‘குப்ப’ எல்லாம் இதன் உறவுகள்.
* குப்பம் என்றால் கடல் இருந்தே ஆகவேண்டும் என்று இல்லை. நெல்லிக்குப்பம், மேட்டுக்குப்பம், ஆந்திராவின் குப்பம் இதற்குச் சாட்சி.
* குப்பம் என்பதற்கு ஸ்லம் என்பது சரியான மொழிபெயர்ப்பு இல்லை. அப்படி எழுதினால் மீனவர்களின் கடற்கரை உரிமை கண்ணில் படாமல் போகலாம்.

அடுத்த தடவை யாராவது “குப்பமா?” என்று இழுத்தால், நெல்லிக்குப்பத்துக்காரர்கள் தயங்காமல் பதில் சொல்லலாம்: “ஆமாங்க. நெல்லி மரம் இருந்த ஊர். நாலு வீடு சேர்ந்து இருந்தா அதுக்குப் பேர்தான் குப்பம்.”